துணியும் துணிவும்

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்களுட் சில வெட்டுதலினின்றும் பிறந்தவை. அறுக்கப்படுவது அறுவை, கூறுபடுத்தப்படுவது கூறை, துணிக்கப்படுவது துணி. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் பெயர் பெற்றமை, அவர் துணி விற்றவர் என்பதனாலேயாம். தறியிலே நீண்டு கிடப்பது வெறும் நெசவு; அதனை அறுத்தெடுத்த பின்னரே அது உடுத்தற்கு உரியதாகின்றது என்று முன்னோர் எண்ணினர் போலும். இவற்றுள் துணி என்னும் சொல்லுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. துணிதல் என்பது வெட்டுண்ணுதலைக் குறிப்பதோடு, ஐயம் நீங்கி ஒரு முடிவுக்கு வருதலையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்றிருக்கும் சித்திர ஆசிரியை ஒருவருக்கு இவ்விரு பொருளும் ஒரே நாளில், ஒரே கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளாக வந்து வாய்த்தன.

அவர் அப்போது தைத்துக்கொண்டிருந்தது ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு சீலை. உடுக்கும் சீலையன்று, சுவரில் தொங்கவிடுவதற்கானது. தந்தையாரின் பழைய வேட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்தளமாக்கி, அதன்மீது கையால் அச்சுப்பதித்த துணித் துண்டுகளையும் பழஞ்சீலைத் துண்டுகளையும் பொருத்தி, ஊசியால் மூட்டி, வலிகாமம் வடக்கிலே தாம் பிறந்து வளர்ந்த வீட்டையும் வளவையும் அவர் உருவாக்கி வந்தார். மேலே நின்று கீழே நோக்கினால் தெரிவது போல வீடு நடுவிலும், நாற்புறமும் வேலியும், கிணறும் துலாவும், வடக்கே பனங்கூடலும் அமைந்திருந்தன. அவ்வீடு இன்று இல்லை. 1990 ஆனியில் அவ்வூர் மக்கள் யாவரும் வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்த அந்நிலப்பரப்பு பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டது. ஆசிரியையின் காணி 2018 சித்திரையில் திரும்பக் கிடைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் அவர் அங்கே கண்டவை கிணறும், அத்திவாரக் கற்களும், மரமாகி நின்ற வேலிப் பூவரசுகளுமே.

முப்பதாண்டுக் காலம் பாடசாலைகளிற் சித்திரம் கற்பித்த அவர், அதுவரை ஒரு துண்டுத் துணியையேனும் சித்திரம் என்று கருதியதில்லை. இது அவருடைய குறையன்று. நம் பாடசாலை நேரசூசியில் சித்திரம் ஓரிடத்திலும் தையல் வேறோரிடத்திலும் இருந்தன. யாழ்ப்பாணத்தின் நவீன ஓவிய முயற்சிகளைப் பேசுவோர் 1938இல் எஸ். ஆர். கனகசபை முன்னின்று அமைத்த வின்சர் ஓவியக் கழகத்தையும், 1959இல் அ. மாற்கு தொடங்கிய விடுமுறைக்கால ஓவியர் கழகத்தையும் பேசுவர், அது தகும். ஆயின் அதே காலத்தில் அதே வீடுகளின் விறாந்தைகளிலே பெண்கள் தலையணை உறைக்கும் மேசைவிரிப்புக்கும் இட்ட தையலை எவரும் அக்கணக்கிற் சேர்த்ததில்லை. அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய நாள்தொட்டு, எழுத்தோடு ஊசியும் இங்கு பெண்கல்வியின் பகுதியாயிற்று. ஊசி பிடித்த கைகள் பல. அவை ஒழுக்கத்துக்கும் சீதனப் பெட்டிக்குமே தைத்தன. கண்டு வியப்பதற்கென்று தைக்கப்பட்டவை கோயிலிலேதான் இருந்தன. தேரையும் சப்பறத்தையும் அலங்கரிக்கும் சீலைகளும், உருளை வடிவிலே தொங்கும் தொம்பைகளும், வெவ்வேறு நிறத் துணிகளை உருவங்களாக வெட்டி இன்னொரு துணிமீது வைத்துத் தைத்தவை. தஞ்சாவூரில் இது இன்றும் ஒரு தொழில். நல்லூர்த் திருவிழாவுக்குச் செங்குந்த மரபினர் கொடிச்சீலை கொண்டுவந்து கொடுக்கும் வழக்கத்திலே, துணியும் அதனை ஆக்குவோரும் பெறும் மதிப்பு தெரியும். ஆசிரியை சிறுமியாக இருந்தபோது தேர்முட்டியின் நிழலில் நின்று அச்சீலைகளை அண்ணாந்து பார்த்திருக்கின்றார். பின்னாளில் மாணவருக்கு அதனைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

அவரைத் துணியின்பால் திருப்பியது ஒரு நூல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் பெயரில் 2011இல் ஆக்கிய அந்நூலில், இடம்பெயர்ந்த எண்பது பேர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து தரைப்படமாகக் கீறியுள்ளனர். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப்பதிவேடு. அந்த எண்பது படங்களையும் பார்த்த ஆசிரியைக்குத் தம்முடைய வீட்டையும் கீறவேண்டும் என்ற அவா எழுந்தது. பென்சிலால் கீறினார், கீறியது பிழையின்றி இருந்தது. பிழையின்றி இருந்ததே குறை என்று அவருக்குப் பட்டது. முப்பதாண்டு பழகிய கை, வீட்டை நினைவுகூராமலே அதனைக் கீறி முடித்துவிட்டது. பழகாத ஒரு பொருளிலே செய்தாலன்றிக் கை தயங்காது. கை தயங்காவிடின் நினைவு வராது.

முதலில் அச்சுப் பதித்தல். சித்திரபாட மாணவர் அனைவரும் அறிந்தது வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி நிறத்தில் தோய்த்து ஒற்றும் முறை. அதனோடு அவர் தொடங்கினார். ஐந்து மூலைகளையுடைய வெண்டிப்பூ, முற்றத்து நந்தியாவட்டைக்குப் போதுமானதாயிற்று. நுங்கின் தலையைச் சீவி ஒற்றியபோது மூன்று கண்களும் பதிந்தன. பனங்கூடல் முழுவதும் அம்மூன்று கண்களாலேயே நிரம்பியது. வேலிக்கு அவர் கண்டுபிடித்த வழி வியக்கத்தக்கது. பனையின் மட்டையடியிலே இயற்கையாகவே இழையோடிக் கிடக்கும் பன்னாடையை எடுத்து, நிறம் தடவித் துணியில் அழுத்தினார். கிடுகு வேலியின் நெருக்கமும் பொத்தலும் அப்படியே விழுந்தன. நெய்யப்படாத நெசவு ஒன்று நெய்த துணியின்மேற் பதிவதைக் காண அவருக்குச் சிரிப்பு வந்ததாம். யன்னற் கம்பிக்கும் கூரை ஓட்டுக்கும் மட்டும், கோயில் வாகனம் செய்யும் ஆசாரியார் ஒருவர் மரத்திலே அச்சுக் கட்டைகள் செதுக்கிக் கொடுத்தார்.

நிலத்தின் நிறந்தான் அவரை இடர்ப்படுத்தியது. வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணைச் சலித்துப் பசையிற் குழைத்துத் துணியிற் பூசினார். காய்ந்தபோது அது காணியின் நிறமாகவே இருந்தது. ஒருமுறை அலசியதும் வாளித் தண்ணீர் சிவந்தது, துணி வெளுத்தது. நிறம் துணியின் மேல் இருந்ததேயன்றித் துணிக்குள் இறங்கவில்லை. கடையில் வாங்கும் துணிச்சாயம் இத்தொல்லை தராது. ஆயினும் அவர் அதனை விரும்பவில்லை. காரணம் கேட்டோருக்கு அவர் கூறிய விடை எளிமையானது: போத்தலிலிருந்து வரும் சிவப்பு எந்த ஊருக்கும் உரியது.

நிறத்தைத் துணிக்குள் இறக்கும் வித்தை அவருடைய ஊருக்கு அந்நியமானதன்று என்பதை அவர் பிந்தியே அறிந்தார். யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் தீவுகளிலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்னும் சிறு பூண்டு வளர்கிறது. மேலே ஒரு சாண். கீழே மெல்லிய நீண்ட வேர். சோழமண்டலக் கரையிலே வண்ணச்சீலை எழுதியோருக்குச் சிவப்பைக் கொடுத்தது இந்த வேர். ஈழத்தின் வடகரை வேர் அவர்களிடையே மிக்க மதிப்புப் பெற்றிருந்தது. போர்த்துக்கேயர் 1619இலும் ஒல்லாந்தர் 1658இலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது முத்து, யானை, சங்கு என்பவற்றோடு இவ்வேரும் அவர்தம் வருவாய்க் கணக்கில் இடம்பெற்றது. வேர் அகழ்வது அரசின் உரிமையாக்கப்பட்டது. அகழ்ந்தோர் வேர்க்குத்திகள் எனப்பட்ட மக்கள். குறித்த அளவு வேரைக் கட்டாயமாக ஒப்படைக்க வேண்டியிருந்த அவர்களின் முதுகு வளைந்ததனாலேயே, ஐரோப்பியச் சீமாட்டிகளின் கட்டிற்றிரைகளிற் செம்பூக்கள் மலர்ந்தன. அப்பூக்களைப் புகழ்ந்து எழுதப்பட்ட பக்கங்கள் பல; வேர்க்குத்திகளைப் பற்றியவை சில. 1868இல் செருமானிய வேதியியலார் இருவர் இச்சிவப்பின் உயிர்ப்பொருளாகிய அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் வேர் எவருக்கும் வேண்டாததாயிற்று. இன்று மணற்றிடலில் அதனை மிதித்துச் செல்வோருக்கு அதன் பெயரும் தெரியாது.

செய்முறையோ மறைந்துவிடவில்லை. புதுச்சேரியில் இருந்த இயேசுசபைப் பாதிரியார் கூர்து, சீலை எழுதும் தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றை 1742இலும் 1747இலும் கடிதங்களாக எழுதி வைத்தார். அதன் அடிப்படை இன்றும் கலங்காரி செய்வோரிடம் வழங்குவதே. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவிடுதல் வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு இழைக்குள் ஏறும். பாலின் கொழுப்பு, மேலே இடும் நீர்மம் ஊறிப் பரவாமல் தடுக்கும். பின்னர்ச் சிவப்பு வேண்டிய இடத்தில் சீனக்காரக் கரைசலையும் கருமை வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் இட்டு, துணியைச் சாயவேரோடு கொதிக்கவைத்தல் வேண்டும். சாயம் துணி முழுவதையும் தொடும். ஆனாற் காரம் இட்ட இடத்திலேதான் தங்கும். மற்ற இடங்களை அலசி அலசி வெயிலிற் காயவிட்டால் அவை மீண்டும் வெளுக்கும். எழுதியவன் கண்ணுக்கு எழுதும்போது நிறமே தெரியாது என்பதுதான் இத்தொழிலின் விந்தை.

எருமைப்பால் கிடைக்காமையால் ஆசிரியை ஆட்டுப்பாலைக் கொண்டு செய்தார். சாயவேரைத் தேடிக் கடற்கரை மணலில் இரண்டு நாள் அலைந்து ஒரு சிறு கட்டு வேர் சேர்த்தார். அதிற் கிடைத்தது பழைய ஏடுகள் புகழும் குருதிச் சிவப்பன்று. வெயிலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஓட்டின் நிறம். அவருடைய வீட்டின் கூரையோ கள்ளிக்கோட்டை ஓடு. எனவே குறையென்று கருதியது கூரைக்குப் பொருந்திப் போயிற்று. முற்றத்து மண்ணுக்கு அச்சாயம் போதவில்லை. ஆகவே முற்றத்தை அவர் வெறும் கடுக்காய் மஞ்சளாகவே விட்டுவிட்டார். பார்ப்போருக்கு அது பிற்பகல் வெயிலாகத் தோன்றும்.

கருமை வந்த கதை வேறு. கலங்காரிக்காரர் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டு இரண்டு கிழமை வரை புளிக்கவிட்டுக் கருமைக்கான கரைசலைப் பெறுவர். அக்கரைசல் தன்னளவிற் பழுப்பு நீரே. கடுக்காய் ஊறிய துணியிற் பட்ட கணத்தில் அது கருக்கும். வெல்லத்துக்குப் பனங்கட்டி இருந்தது. துருப்பிடித்த இரும்புக்கு அவர் தம்முடைய காணிக்குப் போனார். அத்திவாரத்தைச் சுற்றிக் கைவாரையால் வாரியபோது ஆணிகளும், கதவுப் பிணைச்சல் ஒன்றும், தொட்டிற் கொளுக்கி ஒன்றும் அகப்பட்டன. கொளுக்கியை அவர் தனியே எடுத்து வைத்தார். மற்றவை பனங்கட்டி நீரிற் கிடந்து நுரைத்தன. பதினாறாம் நாள் அந்நீரை வடித்து, வேப்பம் பிசின் சேர்த்துத் தடிப்பாக்கி, அச்சுக் கட்டையில் தொட்டு ஒற்றினார். யன்னற் கம்பிகள் கறுத்து எழுந்தன. அந்த யன்னல்களைத் தாங்கிய வீட்டின் ஆணிகளே அக்கம்பிகளாயின.

இதிலே ஒரு கேடும் உண்டு. ஆசிரியை அதனை அறியாதவர் அல்லர். இரும்புக் கருமை இழையைத் தின்னும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய வண்ணச்சீலைகளிற் சிவப்பும் நீலமும் நிலைத்திருக்க, கருங்கோடுகள் ஓடிய இடங்களே முதலில் இற்றுப்போயுள்ளன. ஐரோப்பியர் நெடுங்காலம் எழுதப் பயன்படுத்திய மையும் இரும்பும் துவர்ப்பும் கலந்த இதே இனத்ததுதான். எழுத்தே தாளை அரித்த பழஞ்சுவடிகள் உலகெங்கும் உள்ளன. ஆகவே அவர் சீலையிலும் முதலில் அழியப்போவது வீட்டின் கருங்கோடுகளே. வேலியும் கூரையும் அதன் பின்னரும் இருக்கும். இதனைக் கேட்டுக் கவலையுற்ற பேத்தியிடம், "நான் இருக்குமட்டும் கிடக்கும் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அச்சுத் துணிகள் ஆயத்தமான பின் றங்குப்பெட்டி திறக்கப்பட்டது. ஊரைவிட்டு வெளியேறியபோது மாட்டுவண்டியிலே ஏற்றிய அப்பெட்டி, 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தபோது சைக்கிளின் பின்னே கட்டப்பட்டுத் தென்மராட்சிக்குப் போனது. மறு ஆண்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு பெயர்விலும் அதிலிருந்த பாத்திரமும் படமும் நகையும் குறைந்தன. துணி மட்டும் குறையவில்லை. துணியை எவரும் விலைக்குக் கேட்பதில்லை; கனமுமில்லை. ஏழையின் ஆவணக்காப்பகம் எங்கும் துணிப்பெட்டியாகவே இருப்பதற்கு இதுவே காரணமாகலாம். வங்கத்துப் பெண்கள் நைந்த சீலைகளை அடுக்கி, கரையிலிருந்தே நூலை உருவி, ஓடு தையலால் கந்தா தைத்தது இவ்வகையில்தான். சிலியிலே 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியின்மீது கந்தல்களைத் தைத்துத் தம் கதையைப் படமாக்கினர். ஆர்ப்பில்லேரா எனப்படும் அப்படங்களிற் சிலவற்றில், தேடப்பட்டவரின் சட்டைத் துணியே சட்டையாகத் தைக்கப்பட்டிருந்தது. தேவாலயத்தின் துணையோடு அவை நாடுகடந்து சென்று விலைப்பட்டன. அவை பிறருக்குச் செய்தி சொல்லத் தைக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்து ஆசிரியையின் சீலை அவ்வாறு எவருக்கும் எதுவும் சொல்ல முற்பட்டதன்று. ஆயினும் வெட்டும் வேளையில் அந்தச் சிலிப் பெண்களுக்கு எழுந்திருக்கக்கூடிய வினா அவருக்கும் எழுந்தது.

வெட்டுவதற்கு முதலில் எடுக்கப்பட்டது ஒரு கூறைச்சீலை, அவருடைய தங்கையினது. அது முழுமையாக இல்லை. வன்னியிலே 2009இன் தொடக்க மாதங்களில் மக்கள் பதுங்குகுழி அமைக்கச் சாக்கின்றித் தம் சீலைகளை வெட்டி, கையாலேயே மூட்டி, மண்ணை நிரப்பி அடுக்கினர். பட்டும் பருத்தியும் அதிற் பேதமில்லை. தங்கையின் கூறையும் அவ்வாறு மண்மூட்டையாயிற்று. வெட்டி எஞ்சிய முந்தானைப் பகுதியோடும், அவிழ்த்தெடுத்த ஒரு மூட்டையின் துணியோடும் அவர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அம்மூட்டையின் தையல் அவசரத்தில் இட்ட பெருந்தையல். மடிப்புக்குள் இன்னும் சிறிது மணல் இருந்தது. இதனை வெட்ட ஆசிரியை தயங்கவில்லை. உயிர்காக்க வெட்டியதை மீண்டும் வெட்டுவதில் என்ன குற்றம்? அரக்குப் பட்டைச் சிறு சதுரங்களாக்கி வீட்டின் அறைகளுக்குத் தரையாக வைத்தார். பட்டு வழுக்கும், ஓரம் பிரியும். ஒவ்வொரு சதுரத்தின் விளிம்பையும் உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத சிறு தையலால் அடித்தளத்தோடு பொருத்தி, மேலே ஓடு தையலை நெருக்கமாக ஓட்டினார். பழைய பெருந்தையல் கிடந்த ஒரு துண்டை மட்டும் பிரிக்காமல், மணலும் உதிராதபடி, வாசற்படிக்கு வைத்தார். கைவேலையென்று நோக்கின் அச்சீலையிலே மிகச் செம்மையானது இத்தரைதான்.

பெட்டியின் அடியிலிருந்து அடுத்து வந்தது ஒரு சாறம். பழவேற்காட்டின் பெயர் மருவி வழங்கும் பளையகாட்டுச் சாறம், நீலக் கட்டமிட்டது. அது அவருடைய தம்பியினுடையது. 1996 ஆடி மாதத்தில் ஒரு நாட்காலை சைக்கிளிலே சந்தைக்குச் சென்ற அவர் திரும்பவில்லை. அவ்வாண்டிற் குடாநாட்டில் அவ்வாறு திரும்பாதோர் நூற்றுக்கணக்கானோர். போகும்போது அவர் களைந்து கொடியிற் போட்டிருந்தது அச்சாறம். தாயார் அதனைத் தோய்க்கவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தார். விண்ணப்பங்களும் விசாரணைகளும் நடந்த காலமெல்லாம், "வந்தால் உடுக்கிறதுக்கு வேணும்" என்பதே அவர் கூறியது. 2007இல் தாயார் காலமானார். சாறம் பெட்டியிலேயே கிடந்தது.

சீலையில் தம்பியின் அறை வெறுமையாக இருந்தது. நீலக் கட்டம் அங்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சித்திரம் கற்பித்த கண் உடனே கண்டது. கத்தரிக்கோலை எடுத்தார். சாறத்தை விரித்து, கட்டம் ஒன்றின் ஓரமாக அலகை வைத்தார். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி அருகில் இருந்தாள்.

"அம்மம்மா, உதையும் வெட்டப் போறியளோ?"

அவர் விடை கூறவில்லை. சிறிது நேரம் சென்றபின், "கொம்மம்மா மாதிரி நானும் வைச்சிருந்தால் பூச்சி தின்னும்" என்றார்.

"அப்ப வெட்டுங்கோவன்."

"வெட்டினால், அவன் இனி இல்லையெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி."

அன்று கத்தரிக்கோல் மூடப்பட்டது. காணாமற்போனோரின் குடும்பத்தார் பலர் மரணச் சான்றிதழைப் பெற மறுத்து வருவதை நாடறியும். அம்மறுப்பைச் சிலர் அரசியல் என்பர், சிலர் அறியாமை என்பர். அது வேறொன்றாகவும் இருக்கலாம். எலும்பும் சாம்பலும் காணாத இடத்தில், துணிதல் என்பது உயிரோடிருப்பவர் தம் கையாலேயே செய்யவேண்டிய ஒரு வெட்டு. அதனைச் செய்யுமாறு இன்னொருவர் கூறுவது எளிது.

பன்னிரண்டு நாள் அவர் ஊசியைத் தொடவில்லை என்று பேத்தி கணக்கு வைத்திருந்தாள். பின்னர் ஒரு மாலை, சாறத்தை வெட்டாமலே எட்டாக மடித்து, ஓர் உள்ளங்கையிரண்டு அளவான கட்டாக்கி, அறையின் மீது வைத்துப் பார்த்தார். கட்டின் கனம் அடித்தளத்தை இழுத்தது. சுவரிலே தூக்கியபோது வீடு முழுவதும் அந்த மூலையை நோக்கிச் சரிந்தது. ஏழு மாதமாக அளந்தளந்து தைத்த கூரைக்கோடு கோணிற்று. இன்னொரு வேட்டியைப் பின்புறம் வைத்துத் தடிப்பாக்கிய பின்னரே அது ஓரளவு நேரானது. இன்றும் கூர்ந்து நோக்குவோருக்கு அச்சரிவு தெரியும். ஓவியமாக மதிப்பிடுவோர் அந்தக் கட்டு படத்தின் சமநிலையைக் கெடுக்கின்றது என்பர், அது உண்மையே. அவருடைய பழைய சகபாடி ஒருவர் நேரிலே அவ்வாறு சொன்னபோது அவரும் அதனை ஒப்புக்கொண்டார்.

சாறத்தைப் பிணைக்க அவர் தெரிந்த தையலும் வேறு. உடுப்பு வெட்டித் தைக்கும்போது, பொருந்துகின்றதா என்று பார்ப்பதற்காக முதலில் நீட்டி நீட்டி இட்டு, பின் இழுத்தெடுத்துவிடும் நூலோட்டம் ஒன்று உண்டு. தையற்பாடத்தின் முதல் நாளிற் கற்பிக்கப்படுவது அது. முடிச்சை மேற்புறத்தில் விட்டு, வெள்ளை நூலால் அந்த நூலோட்டத்தையே இட்டார். முடிச்சை நறுக்கி ஒரு முனையை இழுத்தால் சாறம் மடிப்புக் குலையாமற் கையில் வந்துவிடும். யாராவது வந்து கேட்டால் உடுக்கக் கொடுக்கலாம். தொட்டிற் கொளுக்கியை அவர் சீலையிலே சேர்க்கவில்லை. அதற்கு அவர் காரணம் சொல்லவுமில்லை.

கொழும்பிலே நடந்த ஒரு கண்காட்சிக்கு அச்சீலையைக் கேட்டு வந்தனர். வேலை முடியவில்லை என்று கூறி அனுப்பிவிட்டார். வேலை முடிந்தது என்றே வீட்டார் எண்ணியிருந்தனர்.

சீலை இப்போது வீட்டின் உள்விறாந்தைச் சுவரில் தொங்குகின்றது. மாரி காலத்தில் ஈரம் ஏறி, மடித்த சாறத்துள்ளே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்குவதால், ஆண்டுதோறும் தை மாதத்து வெயில் வந்ததும் முடிச்சை நறுக்கி, நூலை உருவி, சாறத்தை எடுத்து முற்றத்துக் கொடியில் விரிக்கின்றனர். இரண்டு நாள் அது வெயிலிலே கிடக்கும். பின் அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்து, புதிய நூலால் மீண்டும் பிணைக்கின்றனர். சென்ற தையில் ஆசிரியையின் கண்ணுக்கு ஊசிக்காது தெரியவில்லை. நூலைக் கோத்தவளும், நூலோட்டத்தை இட்டவளும் பேத்தியே. அவள் இட்ட தையல் சற்று நெருக்கமாக விழுந்துவிட்டது. "உவ்வளவு இறுக்கிப் போடாதை பிள்ளை" என்றார் அம்மம்மா; அவள் அதனை உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.